காமாலைச் சூடு

வடக்குப்பட்டில் மண்ணாங்கட்டி வீட்டுப் பேச்சு வாசற்படியைத் தாண்டிப் போனதில்லை. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால் அப்படி ஒரு பெயரை வைத்தார்கள். பெயர்தான் மண்ணே தவிர ஆள் கருங்கல். சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது ஊரில் பாதிப் பேர் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். அவர் உள்ளே போனார், கையெழுத்துப் போட்டார், தோளில் கிடந்த துண்டு நழுவாமல் திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அழ வேண்டியிருந்தால் வீட்டுக்குள் அழுதிருப்பார். அதுவும் யாருக்கும் தெரியாது.

பிறகு வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். மூத்தவன் ஹேமந்த் ஒரகடத்தில், காருக்குப் பாகம் அடிக்கும் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தான். சின்னவள் பிரவீனாவைச் சேரப்பணஞ்சேரி வேதாசலம் வீட்டில் கேட்டு, வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. தை மாதம் கல்யாணம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. அறைகளுக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டதால், மண்ணாங்கட்டி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். புதிதாக ரோடு போட்ட செம்மண் எல்லாம் மழையில் கரைந்து அவர் வீட்டுப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஹேமந்த், சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்றான்.

"நைனா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மொதல்ல அந்த மம்பட்டிய கீழ வையி."

"வச்சா சேறு தானா போயிடுமா. சொல்றா."

"நான் கஞ்சா இழுக்கறேன். ரெண்டு வருசமா. வுட்டுடலாம்னு பாக்கறேன், முடில."

மண்வெட்டி ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது. சேறு சொத்தென்று வரப்பில் விழுந்தது.

"நேத்து மெஷின்ல நின்னுகினு இருந்தேன்" என்றான் ஹேமந்த். "ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கினாத்தான் பிரஸ் எறங்கும். ஒரு பட்டன்ல குச்சியச் சொருகி வச்சிட்டு ஒரு கையாலயே ஓட்டுவோம். அப்பதான் டார்கெட் வரும், எல்லாரும் அப்படித்தான். நேத்து இந்தக் கைய உள்ள வச்சிட்டு, எடுக்கணும்னே தோணாம, அந்தக் கையால பட்டன அமுக்கப் போறேன். என் கை உள்ள கீதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா அது வேற யாரு கையோ மாதிரி இருந்துச்சு. பக்கத்து லைன்ல இசக்கியப்பன் வந்து இழுத்துப் போட்டான். நைனா, எனக்குப் பயமா கீது. ஆஸ்பத்திரியில காட்டணும்."

மகன் நீட்டிக் காட்டிய இடது கையை மண்ணாங்கட்டி பார்க்கவில்லை. பின்வரிசை அறைகளின் கதவுகளைப் பார்த்தார்.

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

*

இசக்கியப்பன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். மூன்றாவது அறையில் இருந்தான். ஹேமந்தைவிட நாலு வயது மூத்தவன். அன்று மத்தியானமே மண்ணாங்கட்டி அவன் அறை வாசலில் போய் நின்றார். அவன் ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

"நீதான் என் பையனுக்கு அந்தக் கருமத்தைப் பழக்கினியா?"

"நான் பீடி கூட குடிக்க மாட்டேன், பெரியவரே. அவனுக்குப் பழக்கி விட்டது உங்கூர்ப் பயலுவதான். ஏரிக்கரை மோட்டார் கொட்டாய்ல போய்ப் பாருங்க." அவன் வடிதட்டைக் கீழே வைத்தான். "எங்க அண்ணன் ஒருத்தன் இப்படித்தான் கெடந்தான். அதனால எனக்கு வெவரம் தெரியும். தாம்பரத்துக்கு அங்கிட்டு ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கு. வியாழக்கெழம வியாழக்கெழம பாக்காங்க. வீட்டாளு ஒருத்தரு கூடப் போணும், அவ்வளவுதான். நீங்க வாரத்துக்கு ஒருக்கா அரைநாள் ஒதுக்கினா போதும்."

"என் வூட்டு விசயத்துல உனக்கு இன்னா வேல?"

"வேலை ஒண்ணும் இல்ல. கூட்டாளி."

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ரூமக் காலி பண்ணு."

 இசக்கியப்பன் சோற்றுப் பானையை நிமிர்த்தினான்.

"சரி, பண்ணுதேன். என்னய அனுப்புங்க, ஒண்ணுமில்ல. அவன விட்டுறாதிய."

அவன் டிரங்குப் பெட்டியும் பாயுமாகச் சாமான்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரகடம் கூட்ரோட்டுக்குப் போனபோது, தெருவில் கேட்டவர்களிடம் மண்ணாங்கட்டி, "ரூம்ல தண்ணி அதிகமா செலவு பண்றான்" என்றார்.

*

வீட்டுக்குள் இரண்டு நாள் யோசனை நடந்தது. யோசனை என்றால் மனைவி மீனம்மாள் சொல்வதும் அவர் தள்ளுவதும்தான். அவள் கருவாட்டுத் தலைகளைக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டே பேசினாள்.

"வல்லக்கோட்டைக்குக் கூட்டினு போயி முருகன் முன்னால சத்தியம் வாங்கிடலாங்க. ஏழு செவ்வா வெளக்கு போட்டா…"

"ஏழு செவ்வா போனா ஏழு பேரு கேப்பான், இன்னா வேண்டுதல்னு. இன்னா சொல்லுவ?"

"கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு சொல்றது."

"பொண்ணு கல்யாணத்துக்குப் பையன் வெளக்கு போடுவானா? யோசிச்சுப் பேசு."

அவள் ஒரு கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வாலாஜாபாத் பக்கம் ஒரு ஹோம் கீதாம். வேன்ல வந்து இட்டுகினு போயி மூணு மாசம் உள்ள வச்சி சரி பண்ணி அனுப்பறாங்களாம். எங்க அண்ணி சொல்லிச்சு."

"உங்க அண்ணிக்கு எதுக்குச் சொன்ன?"

"நம்ம பையன்னு சொல்லலங்க. பக்கத்து வூட்டுப் பையன்னு சொன்னேன்."

"அந்த வேன் எங்க வந்து நிக்கும்? நம்ம வாசல்ல. அதுல இன்னா எழுதியிருக்கும்?"

"போர்டு இல்லாத வேனும் அனுப்புவாங்களாம்."

"மூணு மாசம் காணோம்னா ஊரு இன்னா கேக்கும்? தை மாசம் வேதாசலம் வந்து மச்சான் எங்கன்னு கேட்டா, போர்டு இல்லாத வேன்ல போயிட்டான்னு சொல்லவா?"

 மீனம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "படப்பையில ஒரு ஆளு பொடி தர்றான். தெரியாம கொழம்புல கலந்து குடுத்தா பழக்கம் நின்னுடுமாம். நேத்து அத்தத்தான் போட்டேன்."

நேற்று ஹேமந்த் மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தான். பிரஸ் ஷாப்பிலிருந்து சூப்பர்வைசர் பாதி ஷிப்டில் அனுப்பிவிட்டார்.

"அவன் வூட்டுக்குப் பாதியில வந்தத எத்தினி பேர் பாத்தான்?" என்றார் மண்ணாங்கட்டி. "அந்தப் பொடியத் தூக்கிப் போடு."

கடைசியில் அவர் எந்த ஆஸ்பத்திரியைச் சொன்னதற்காக ஒருத்தனைக் காலி செய்ய வைத்தாரோ அந்த ஆஸ்பத்திரிதான் நின்றது. அது தாம்பரத்துக்கு அந்தாண்டை. வடக்குப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நம்ம ஜனம் அவ்வளவு தூரம் வராது. எந்த வைத்தியம் கேட்கும் என்று அவர் அந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த வைத்தியத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதே அவர் கணக்கு.

*

வியாழக்கிழமை. சீட்டு எழுதும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பேஷன்ட் பேரு?"

ஹேமந்த் வாய் திறப்பதற்குள் மண்ணாங்கட்டி முந்தினார். "சங்கரநாராயணன்."

"அப்பா பேரு?"

"நயினார். திருநெல்வேலி."

ஹேமந்த் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீளமான வராந்தா. சுவரோரமாக இரண்டு பெஞ்சுகள். பெஞ்சு நிறைய அம்மாக்களும் பெண்டாட்டிகளும். ஆண்களில் கூட வந்தவர் யார், காட்ட வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நர்ஸ் "சங்கரநாராயணன்" என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். ஹேமந்த் தரையில் ஓடிய எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை மண்ணாங்கட்டி அவன் விலாவில் இடித்தார்.

"பேர் கூடவா மறந்து போச்சு?" என்றாள் நர்ஸ். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஹேமந்திடம் நிறையக் கேட்டாள். எத்தனை மணிக்கு முதல் பொட்டலம், யாரோடு, இல்லாவிட்டால் என்ன செய்யும், தூக்கம் எப்படி. அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். வீட்டில் வாயே திறக்காதவன் இவ்வளவு பேசுவான் என்று மண்ணாங்கட்டிக்கு அன்றுதான் தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதுக்குன்னு தனியா ஊசி, மாத்திரை ஒண்ணும் கிடையாதுங்க" என்றாள் டாக்டரம்மா அவரிடம். "விட்ட புதுசுல ரெண்டு வாரம் தூக்கம் வராது, வேர்த்துக் கொட்டும், கோவம் வரும், சாப்பாடு இறங்காது. தூங்கறதுக்கு மட்டும் கொஞ்சம் மாத்திரை தர்றேன். அட்மிட் பண்ண வேண்டாம். வாரா வாரம் வந்து பேசணும். வீட்டுல ஒருத்தர் கூட வரணும். அதான் வைத்தியம்."

"பேசறதுக்கா ரெண்டு பஸ் ஏறி வர்றது? அத்த வூட்லயே பேசிக்கலாமே."

"வீட்டுல பேசறீங்களா?"

மண்ணாங்கட்டி துண்டைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே வந்தபோது, வராந்தாவின் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தலைவரை போர்த்தியிருந்தாள். அவர் முகத்தைத் திருப்புவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அம்சவல்லி. வேதாசலத்தின் கூடப்பிறந்த தங்கை. நிச்சயதார்த்தத்தில் தட்டு தூக்கிக்கொண்டு முன்னால் வந்தவள்.

"இன்னாண்ணே, இந்தப் பக்கம்?"

"பையனுக்குக் காமாலை" என்றார் மண்ணாங்கட்டி. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. "மஞ்சக் காமாலை. இங்க நல்லா பாக்கறாங்கன்னு சொன்னாங்க."

அம்சவல்லி ஹேமந்தின் கண்ணைப் பார்த்தாள். வராந்தாச் சுவரில் 'குடி, போதை மறுவாழ்வுப் பிரிவு' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே, நல்லாத்தான் பாக்கறாங்க. நான் தைராய்டு மாத்திர வாங்க வந்தேன்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன் தலையைக் குனிந்துகொண்டான்.

*

காமாலை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அது நம் கையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆள் ஆளுக்குக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னார்கள். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, கருவாட்டு வாசனையே கூடாது. வருகிறவர்கள் அடுப்பங்கரை வரை எட்டிப் பார்ப்பதால், மீனம்மாள் நிஜமாகவே உப்பில்லாத கஞ்சி வைத்தாள். கம்பெனியிலும் காமாலை என்று சொல்லி லீவு எடுத்தாயிற்று.

ஹேமந்த் உள் அறையில் படுத்துக் கிடந்தான். வேர்த்துக் கொட்டியது. பாய் நனைந்தது. கோபம் வந்தால் சுவரில் குத்தினான். டாக்டரம்மா சொன்னது ஒவ்வொன்றாக வந்தது. வந்து பார்த்தவர்கள், "காமாலை ஜுரம் அப்படித்தான் போட்டு எடுக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரவீனா மட்டும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அவன் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"நைனா, கெளம்பு. ஒம்போது மணி பஸ்ஸு போயிடும்."

"காமாலைக்காரன் எவனாவது ரெண்டு பஸ் மாறி அலைவானா? ஊரு பாத்துகினு கீது. போய்ப் படு."

"இன்னியோட ஏழு நாளு. தொடல நைனா. ஒரு இழுப்புகூட இல்ல. அங்க போயி பேசினா மண்ட கொஞ்சம் அடங்கும்."

"தை முடியட்டும். நானே கூட்டினு போறேன்."

ஹேமந்த் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

*

இரண்டு நாள் கழித்து, காலைப் பலகார நேரத்துக்கு வேதாசலம் வந்தார். கூட ஒரு வைத்தியர். காமாலைக்குச் சூடு போடுவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் பெயர் வாங்கியவர். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு இரும்புக் கம்பி.

"சம்மந்தி, காமாலைன்னு கேள்விப்பட்டதும் மனசு கேக்கல" என்றார் வேதாசலம். "இங்கிலீஷ் மருந்து காமாலைக்குக் கேக்காது. எங்க வூட்ல எல்லாருக்கும் இவருதான். கையில மூணு கோடு. மூணாம் நாளு எறங்கிடும்."

மீனம்மாள் உள்ளே போனாள். அடுப்புக் கரியை ஒரு மண்சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து வைத்தாள். வைத்தியர் கம்பியை அதில் செருகி ஊதினார். பிறகு ஹேமந்தை வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"மஞ்சளே காணோமே பெரியவரே. கண்ணு செவப்பாத்தான் கீது. தூக்கம் இல்லாத கண்ணு மாதிரி கீது."

 சட்டியில் கரி படபடத்தது.

"மஞ்ச எறங்கினு கீது" என்றார் மண்ணாங்கட்டி. "போன வாரம் வந்து பாத்திருக்கணும். எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தான்."

வேதாசலம் அவர் முகத்தையே பார்த்தார். "சம்மந்தி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காமாலை இல்லன்னா சூடு வேணாம். வேற இன்னா ஒடம்புன்னாலும் சொல்லுங்க, அதுக்கு வேற வைத்தியம் பாக்கலாம். நம்மளுக்குள்ள இன்னா."

"காமாலைதான்."

"ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொன்னாங்களா?"

"நான் பொய் சொல்றன்னு சொல்றீங்களா சம்மந்தி?"

"சே, அப்படி யாரு சொன்னா."

ஹேமந்த் அப்பாவைப் பார்த்தான். குரலை இறக்கி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். "நைனா, சொல்லிடு நைனா. ஒண்ணும் ஆவாது. சொல்லிடு."

"கைய நீட்றா."

"ஒம்போது நாளு ஆவுது. நானே சொல்லட்டுமா?"

"ஒன் தங்கச்சி உள்ள கீறா" என்றார் மண்ணாங்கட்டி. "கைய நீட்டு."

ஹேமந்த் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தான். நிலைப்படிக்குப் பின்னால் பிரவீனாவின் பாவாடை விளிம்பு தெரிந்தது. அவன் இடது கையை நீட்டினான். பிரஸ்ஸுக்குள் வைத்துவிட்டு எடுக்க மறந்தானே, அந்தக் கை.

மண்ணாங்கட்டி மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். வைத்தியர் கம்பியை எடுத்தார். நுனி சிவந்திருந்தது. முதல் கோடு போட்டபோது கை துள்ளவில்லை. மயிர் பொசுங்கிய நாற்றம் வந்தது. இரண்டாவது கோட்டுக்கு மீனம்மாள் உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள். மூன்றாவது கோட்டுக்கு வைத்தியரே ஒரு கணம் நின்றார். "பையன் கத்தவே மாட்டேன்றான். பிடிக்கவே வேணாம் போலக்கீது, வுடுங்க" என்றார். மண்ணாங்கட்டி விடவில்லை.

ஹேமந்த் கண்ணை மூடவில்லை. கம்பியையும் பார்க்கவில்லை. அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேதாசலம் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார். கிளம்பும்போது மண்ணாங்கட்டி தெருமுனை வரை போய் வழியனுப்பினார். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சம்மந்தி வீட்டிலிருந்து வைத்தியரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடென்றால் இப்படி இருக்க வேண்டும். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. திரும்பி வந்தபோது ஆணியில் சட்டை இல்லை.

*

ஹேமந்த் ஒரகடத்தில் இசக்கியப்பன் அறையில் இருக்கிறான் என்று பிரவீனாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு, "கம்பெனியில ஓ.டி. ஜாஸ்தி, அங்கயே தங்கிக்கறான்" என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் ஹேமந்த் வந்தான். முழுக்கைச் சட்டை, பொத்தான் மணிக்கட்டுவரை போட்டிருந்தான். தங்கையின் கையில் பொரி அள்ளிப் போட்டான். மாப்பிள்ளை விரலில் மச்சான் மோதிரம் போட்டான். செய்யவேண்டியதில் ஒன்றுகூடக் குறைவில்லை. முகம் தெளிந்திருந்தது. மீனம்மாள் பந்தியில் இலை போட்டு அவனுக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள். அவன் வரவில்லை. தெருவில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனின் கையைப் பிரவீனா மணக்கோலத்தோடு ஓடி வந்து பிடித்து, சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள். நடுக்கோடு ஆழமாகப் புண்ணாகி ஆறி, நண்டு நிறத்தில் புடைத்திருந்தது. அவள் பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டாள்.

மறுவீட்டு விருந்துக்குச் சேரப்பணஞ்சேரிக்குப் போனார்கள். கறிச்சோறு சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு இரண்டு சம்மந்திகளும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தூரத்தில் புதிதாகக் கட்டுகிற கம்பெனியின் இரும்புச் சட்டங்களில் ஆட்கள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணம் முடிஞ்சிடுச்சு. இனிமே சொல்லலாம்" என்றார் வேதாசலம். "பையன் கை ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு. காமாலையும் போயிடுச்சு."

"சம்மந்தி." வேதாசலம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "காமாலை இல்லன்னு எனக்குத் தெரியும்."

மண்ணாங்கட்டி தூரத்து இரும்புச் சட்டங்களைப் பார்த்தார்.

"அம்சவல்லி அங்க தைராய்டு மாத்திர வாங்க வரல. அவ பையனுக்குத்தான். நாலு மாசமா வியாழக்கிழமைன்னா அந்தப் பெஞ்சுதான். இப்ப நல்லா கீறான், வேலைக்குப் போறான். அன்னிக்கு நீங்க உள்ள போனதும் அவளுக்குப் புரிஞ்சுடுச்சு. வந்து சொல்லிச்சு. பாவம்ண்ணா அவங்களும், அப்படின்னு சொல்லித்தான் சொல்லிச்சு."

"அப்ப எதுக்கு அந்த வைத்தியரை…"

"நீங்க காமாலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. நான் கம்பியோட வந்தா வாயத் தொறந்துடுவீங்கன்னு நெனச்சேன். பெத்த புள்ள கையாச்சே. ரெண்டு தடவ கேட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அடுத்த வியாழக்கிழமை நம்ம ரெண்டு வூட்டுப் புள்ளைங்களும் ஒரே பஸ்ல போயிருக்கும். அம்சவல்லியே கூட்டினு போயிருக்கும்." வேதாசலம் தரையைப் பார்த்தார். "நானும் வீம்புக்கு நின்னுட்டேன். கம்பி செவந்தப்பவாவது நான் எழுந்திருக்கணும். இவரே சொல்லட்டும், நாம எதுக்கு எறங்கணும்னு உக்காந்துகினு இருந்தேன். தப்புதான்."

"ஊருக்கு?"

"ஊருக்கு எப்பவோ தெரியும், சம்மந்தி. ஏரிக்கரையில கூட உக்காந்து இழுத்தவன் எல்லாம் உங்க ஊருதானே. உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னுதான் கீழாநெல்லி கொண்டாந்து குடுத்தாங்க."

*

அந்த வாரமே, வியாழக்கிழமை, மண்ணாங்கட்டி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தனியாக இரண்டு பஸ் ஏறினார். மீனம்மாளிடம் வல்லக்கோட்டை போய் வருகிறேன் என்றார். கண்ணாடிக் கூண்டில் அதே பெண்.

"பேஷன்ட் பேரு?"

 பின்னால் வரிசை நெருக்கியது.

"ஹேமந்த்" என்றார்.

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். "ஹேமந்த், ஒரகடம். அவரு வந்தாச்சே. வாரா வாரம் கரெக்டா வர்றாரு. அந்த நர்ஸம்மாகிட்ட கேளுங்க."

வராந்தாவின் கடைசிப் பெஞ்சில் ஹேமந்த் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் இசக்கியப்பன். இன்னொரு பக்கம் அம்சவல்லியும் அவள் மகனும். அம்சவல்லி டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லி நாலு பேரும் சிரித்தார்கள். ஹேமந்த் சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டிருந்தான். மூன்று கோடும் தெரிந்தன. அங்கே அதை யாரும் பார்க்கவில்லை.

நர்ஸ் மண்ணாங்கட்டியை வழிமறித்தாள். "யாரப் பாக்கணும்?"

"அந்தப் பையன. ஹேமந்த்."

அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "நீங்க யாரு அவருக்கு? கூட வர்றது அவரு பிரெண்டு. வீட்டாளு யாராவது வரணும்னு டாக்டர் கேட்டுகினே கீறாங்க. அம்மாவுக்கு ஒடம்பு முடியலயாம். அப்பா இல்ல, தவறிட்டாருன்னு எழுதியிருக்கு." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்க சொந்தமா? சொந்தம்னா உள்ளயே போலாம். டாக்டரு சந்தோசப்படுவாங்க."

மண்ணாங்கட்டி அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்றவன் உயிரோடு இருக்கும்போதே தவறிவிட்டான் என்று மகனை எழுத வைத்த அப்பன் யாரென்று அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

"நான் ரூம் ஓனரு" என்றார். "இவங்க என் ரூம்ல இருந்தாங்க."

நர்ஸ் முகத்தில் இருந்த ஆர்வம் போய்விட்டது. "தம்பி" என்று பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உங்க பழைய ரூம் ஓனரு வந்துக்கீறாரு."

சிரிப்பு நின்றது. இசக்கியப்பன் எழுந்துவிட்டான். அம்சவல்லி டிபன் பாக்ஸை மூடினாள். ஹேமந்த் மட்டும் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தான். அவர் கைகளைப் பார்த்தான். பிறகு அவனும் எழுந்து, பெஞ்சில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டான்.

"வாங்க சார்" என்றான். "உக்காருங்க. எங்க டோக்கன் வந்துடுச்சு, நாங்க உள்ள போறோம்."

அவனும் இசக்கியப்பனும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. மண்ணாங்கட்டி துண்டு நழுவாமல், முதுகு சுவரில் படாமல், மகன் துடைத்துவிட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தார். அம்சவல்லி மூடிய டிபன் பாக்ஸை மறுபடி திறந்து, கொஞ்சம் சோற்றை மூடியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை. பக்கத்தில் ஒரு கிழவி, "ஒங்க பையனா உள்ள போனது?" என்று கேட்டபோதும், அவர் நேரே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார்.